பத்துக்குப் பத்து அறையில் கிட்டார்: வாசகர் கேள்வி, ஒலிப்பதிவாளர் பதில்

கிட்டார் சம்பந்தமாக வந்த கடிதங்களை இந்த இதழுக்கென்று சேர்த்து வைத்திருந்தேன். மன்னார்குடியிலிருந்து சீர்காழி வரை எழுதியிருக்கிறார்கள். பாதிப் பேர் "எந்த மைக் வாங்கலாம்?" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். மைக்செட் கடையில் வேலையைத் தொடங்கி, கும்பகோணத்தில் நாதஸ்வரம், தவில், தேவாரம், சர்ச் பாட்டு என்று பதிவு செய்தே பிழைப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: மைக் கடைசியில் வரட்டும். கம்பி, அறை, நீங்கள் உட்காரும் இடம், மைக் பார்க்கும் திசை, இந்த நாலும் முதலில்.

மன்னார்குடியிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: சார், மாடியில் என் அறை பத்தடிக்குப் பத்தடி. நாலு பக்கமும் சிமெண்ட் பூச்சு, கீழே டைல்ஸ். சேர்த்து வைத்த பணத்தில் ஒரு கண்டென்சர் மைக்கும், அதைக் கணினியோடு இணைக்கிற ஆடியோ இன்டர்ஃபேஸும் வாங்கினேன். மைக்கை கிட்டாரின் ஓட்டைக்கு நேராக வைத்துப் பதிவு செய்கிறேன். கேட்டால் ஒரே அடைப்பாக இருக்கிறது. அதிலும் ஏ கார்டு அடித்தால் 'கும்'மென்று வீங்குகிறது. சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டு என்கிறான் நண்பன். ஒட்டவா, இல்லை இன்னும் விலை கூடிய மைக் வாங்கவா?

புது மைக்கும் வேண்டாம் தம்பி, முட்டை அட்டையும் வேண்டாம். இருக்கிற மைக்கே போதும். அதை வைத்த இடத்தை மாற்றுவோம்.

முதலில் அந்த ஓட்டை. கிட்டார் சத்தம் முழுக்க ஓட்டையிலிருந்துதான் வருகிறது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். மேல் பலகை முழுவதுமே அதிர்கிறது. கம்பிகள் உடலில் தங்கும் பிரிட்ஜ் பக்கம் ஒரு குணம், கழுத்தும் உடலும் சேரும் இடத்தில் வேறு குணம். ஓட்டை வழியாக வருவது பெரும்பாலும் உள்ளே இருக்கும் காற்றின் அதிர்வு. பெரிய உடல் கொண்ட கிட்டாரில் அது சுமார் 100 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 100 அதிர்வு) பக்கம் பலமாக இருக்கும். போதாததற்கு, முன்பக்கச் சத்தத்தையே அதிகம் கேட்கும் கார்டியாய்டு வகை மைக் எதுவானாலும் (உங்களுடையதும் அநேகமாக அதுதான்) கிட்டே போகப் போக அடித்தொனியைக் கூட்டிக் காட்டும். இரண்டும் சேர்ந்தால் அடைக்காமல் என்ன செய்யும்?

மைக்கைப் பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு நேரே கொண்டு போங்கள். ஒரு சாணுக்குக் குறையாமல், ஓரடிக்கு மிகாமல் தள்ளி வையுங்கள். முகம் கழுத்தும் உடலும் சேரும் இடத்தைப் பார்க்கட்டும், ஓட்டையைப் பார்க்க வேண்டாம். வெறும் கம்பிச் சத்தமாக, ஒல்லியாகத் தெரிந்தால் ஒரு விரற்கடை ஓட்டைப் பக்கம் நகர்த்துங்கள். 'கும்' கூடினால் தலைப்பக்கம் நகர்த்துங்கள். விரற்கடைக் கணக்கில்தான் இந்த வேலை நடக்கும். நான்கு விரல் தள்ளினால் வேறு கிட்டாரே ஆகிவிடும். நண்பனை வாசிக்கச் சொல்லிவிட்டு, நீங்கள் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு மைக்கை மெதுவாக நகர்த்திக் கேளுங்கள். அரை மணி நேரம் இதைச் செய்தால் எந்தப் புத்தகமும் சொல்லித் தராததைக் காது கற்றுக்கொள்ளும்.

இனி அந்த ஏ கார்டு. இது உங்கள் அறையின் வேலை. 30 டிகிரி வெயிலில் ஒலி நொடிக்குச் சுமார் 349 மீட்டர் போகும். பத்தடி இடைவெளியில் நிற்கும் இரண்டு சுவர்களுக்கு நடுவே அது போய் வந்து தன்னோடு தானே சேர்ந்து பெருகுகிற முதல் அதிர்வெண் சுமார் 57 ஹெர்ட்ஸ். அடுத்தது அதன் இரட்டிப்பு, 114. உங்கள் கிட்டாரின் ஐந்தாவது கம்பியை, அதாவது ஏ கம்பியை, விரல் வைக்காமல் மீட்டினால் 110. பக்கத்துப் பக்கத்தில் வந்துவிட்டதா? தொட்டித் தண்ணீரைக் கையால் ஆட்டிப் பாருங்கள். எல்லா வேகத்துக்கும் அலை எழும்பாது, ஒரு குறிப்பிட்ட வேகத்தில் ஆட்டினால்தான் கரை தாண்டி வழியும். அறைக்குள் காற்றும் அதே மாதிரிதான். உங்கள் அறையில் நீளமும் பத்து, அகலமும் பத்து. கூரையும் பத்தடி உயரம் என்றால் மூன்று திசையும் ஒரே சுரத்தைத் தூக்கிக் கொடுக்கும். நம் பக்கம் படுக்கையறை என்றாலே பத்துக்குப் பத்து என்று கோடு போட்டுவிடுகிறார்கள். அதனால்தான் இதே புகார் பல ஊரிலிருந்தும் வருகிறது.

அறையின் நட்டநடுவில் உட்கார்ந்தால் அந்த 114 அங்கே உச்சத்தில் இருக்கும். மூலையில் உட்கார்ந்தால் எல்லா அடித்தொனியும் உச்சத்தில் இருக்கும். ஆகவே, ஒரு சுவரிலிருந்து மூன்றடி, மூன்றரை அடி தள்ளி, சுவருக்கு நேர் இணையாக இல்லாமல் சற்றுக் கோணலாக, முகம் அறையைப் பார்க்க உட்காருங்கள். மைக் உங்களைப் பார்க்கும். அப்படியென்றால் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கிற சுவரையும் சேர்த்தே பார்க்கும். இதைப் பலரும் கவனிப்பதில்லை. மைக்குக்குப் பின்னால் போர்வையைத் தொங்கவிட்டுவிட்டுப் பலன் இல்லை என்கிறார்கள். உங்கள் முதுகுப் பக்கம்தான் கனமான துணி தொங்க வேண்டும். பவானி ஜமுக்காளத்தை இரட்டையாக மடித்து, சுவரோடு ஒட்டாமல் நாலு விரல் இடைவெளி விட்டுக் கொடியில் போடுங்கள். அந்த இடைவெளியால் அதே துணி இன்னும் கொஞ்சம் தாழ்ந்த தொனி வரைக்கும் ஒலியை வாங்கிக்கொள்ளும். மூலைகளில் பழைய இலவம்பஞ்சு மெத்தைகளைச் சுருட்டி நிறுத்துங்கள். கும் சத்தம் முழுதும் போய்விடாது, நன்றாகத் தணியும். டைல்ஸ் மேல் இன்னொரு ஜமுக்காளம். கோரைப்பாய் போதாதா என்று கேட்பீர்கள். பாய் மெல்லியது; தரையிலிருந்து வரும் கூர்மையைக் கொஞ்சம் மழுக்கும், அவ்வளவுதான்.

110 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் பத்தடிக்கு மேல். மெல்லிய காகிதக்கூழில் செய்த முட்டை அட்டை அதை என்ன செய்ய முடியும்? உயர்தொனியில் கொஞ்சத்தைச் சிதறடித்துவிட்டு, கும் சத்தத்தை அப்படியே விட்டுவிடும். தீப்பிடிக்கிற பொருள் வேறு. மின்வயர் ஓடுகிற அறையில் சுவர் முழுக்க அதை ஒட்டுவது எனக்குச் சம்மதமே இல்லை.

சோதனை சுலபம். கிட்டார் இருக்கப்போகும் இடத்தில் நின்று ஒரே ஒரு தடவை பலமாகக் கைதட்டுங்கள். பின்னாலேயே 'ட்ர்ர்ர்' என்று படபடப்பு வந்தால் எதிரெதிர்ச் சுவர் இரண்டும் வெறுமையாக நிற்கின்றன. ஏதாவது ஒன்றையாவது துணியால் மூடுங்கள்.

அப்புறம், தாத்தா பாட்டி வீடு இன்னும் ஓட்டு வீடாக இருந்தால் கிட்டாரை அங்கே எடுத்துப் போங்கள். சரிந்த நாட்டு ஓடு, கீழே மரச்சட்டங்கள், ஒரு பக்கம் திறந்த முற்றம். அடித்தொனி வெளியே போக வழி இருக்கும், மேலே எல்லாம் சமமில்லாத பரப்பு. நான் பதிவு செய்த கிட்டார்களில் எனக்கு மிகவும் பிடித்தது வலங்கைமான் பக்கம் ஒரு ஓட்டு வீட்டுக் கூடத்தில், சாதாரண மைக் ஒன்றை வைத்து எடுத்ததுதான்.

வேளாங்கண்ணி பக்கத்திலிருந்து பாடகர் குழு ஒன்றின் கிட்டார் கலைஞர்: கடற்கரை ஊர் எங்களுடையது. புதுக் கம்பி மாட்டினாலும் சீக்கிரமே கறுத்துவிடுகிறது. ஐப்பசி, கார்த்திகையில் கிட்டார் சத்தமே அமுங்கிப்போகிறது. கிறிஸ்துமஸ் பாடல்களை நவம்பரில்தான் பதிவு செய்ய வேண்டியிருக்கிறது. ஈக்யூவில் (தொனிகளைக் கூட்டிக் குறைக்கும் வசதி) சரி செய்ய முடியுமா?

முடியாது என்றே சொல்வேன். செத்த கம்பியில் உயர்தொனியே எழுவதில்லை. இல்லாத ஒன்றை ஈக்யூவில் தூக்கினால் இரைச்சல்தான் மேலே வரும்.

கடைகளில் இரண்டு வகைக் கம்பிகள் பரவலாகக் கிடைக்கும். 80/20 என்று போட்டிருப்பது 80 பங்கு செம்பும் 20 பங்கு துத்தநாகமும். மாட்டிய அன்று பளபளவென்று ஒலிக்கும், சீக்கிரம் மங்கும். பாஸ்பர் பிரான்ஸ் என்பதில் செம்போடு வெள்ளீயமும் துளி பாஸ்பரசும் சேர்ந்திருக்கும். கொஞ்சம் கதகதப்பான தொனி, கூடுதல் நாள் உழைக்கும். உப்புக்காற்று அடிக்கிற உங்கள் ஊருக்கு நான் சொல்வது மேல்பூச்சு போட்ட கம்பி. எலிக்ஸிர் மாதிரி நிறுவனங்கள் விற்கின்றன. விலை கூடுதல்தான், ஆனால் அடிக்கடி மாற்றுகிற செலவோடு கூட்டிப் பார்த்தால் கட்டுப்படியாகும். எந்தக் கம்பியானாலும் வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் மேலும் கீழும் துடையுங்கள். கீழ்ப்புறத்தில்தான் விரல் வியர்வை தங்கும். பதிவுக்கு முதல் நாள் மாலையில் மாட்டி, நன்றாக இழுத்துவிட்டு, சுருதி சேர்த்து வையுங்கள். அன்று காலையில் மாட்டினால் பாட்டுக்குப் பாட்டு சுருதி இறங்கிக்கொண்டே இருக்கும்.

மழைக்காலத்து மந்தம் வேறு விஷயம். கிட்டார் மரத்துக்கு 45 முதல் 55 சதவீத ஈரப்பதம் உகந்தது. வடகிழக்குப் பருவமழையில் உங்கள் கடற்கரையில் அது 80ஐச் சாதாரணமாகத் தாண்டும். மேல்பலகை ஈரத்தைக் குடித்து உப்பும். கம்பி ஃப்ரெட்டிலிருந்து மேலே எழும். அழுத்தி வாசிக்க வேண்டிவரும். பலகை கனத்ததால் சத்தமும் அமுங்கும். ஒட்டுப்பலகை கிட்டாரில் இது குறைவு. மேல்பலகை முழு ஸ்புரூஸ் மரமாக இருந்தால் நன்றாகவே தெரியும். சுவரில் மாட்டாதீர்கள், அதுவும் மழைச்சாரல் அடிக்கும் வெளிச்சுவரில் கூடவே கூடாது. பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பைகளும், ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்றும் போட்டு மூடி வையுங்கள். ஜெல் நிறம் மாறியதும் சூடாக்கி உலர்த்தி மறுபடி போடலாம். புரட்டாசியிலேயே இதைத் தொடங்கினால் நவம்பரில் கிட்டார் பழைய குரலோடு இருக்கும். இன்னொரு வழியும் உண்டு: கிட்டார் பகுதியை மட்டும் ஆவணியிலேயே பதிவு செய்துவிட்டு, பாடகர்களை நவம்பரில் சேர்த்துக்கொள்ளலாம்.

குடவாசலிலிருந்து ஓர் ஆசிரியை: என்னிடம் செல்போன் மட்டும்தான் இருக்கிறது. நானே எழுதின குழந்தைப் பாடல்களை கிட்டாரோடு பாடிப் பதிவு செய்கிறேன். சத்தம் தானாகவே ஏறி இறங்குகிறது. போனிலேயே நன்றாகப் பதிவு செய்ய வழி இருக்கிறதா?

இருக்கிறது டீச்சர். அந்த ஏற்ற இறக்கம் போனின் தானியங்கி ஒலிக் கட்டுப்பாடு. நீங்கள் மெதுவாக மீட்டும்போது கூட்டும், ஓங்கி அடித்தால் குறைக்கும். பேச்சுக்காக வைத்த ஏற்பாடு அது. அமைப்புகளில் அதை நிறுத்தவும் வேவ் (சுருக்காத ஒலி) கோப்பாகப் பதியவும் இடம் கொடுக்கும் ரெக்கார்டர் செயலி ஒன்றைத் தேடி இறக்கிக்கொள்ளுங்கள். வீடியோ எடுத்தாலும் ஒலியைத் தனியாக இன்னொரு போனில் பதியுங்கள். தொடக்கத்தில் ஒரு கைதட்டு. பின்னால் இரண்டையும் பொருத்த அந்தக் கைதட்டே அடையாளம்.

பேசுகிற மைக் பெரும்பாலான போன்களில் சார்ஜர் குத்தும் முனைக்குப் பக்கத்தில் இருக்கும். அந்த முனை உங்களைப் பார்க்கட்டும். உறையைக் கழற்றிவிடுங்கள். மேஜைமேல் நேராக வைத்தால் மேஜையின் அதிர்வும் எதிரொலியும் சேரும். ஸ்டூல்மேல் தலையணை, அதன்மேல் போன். உங்கள் வாய்க்கும் கிட்டாருக்கும் நடு உயரத்தில், இரண்டு சாண் தூரத்தில் வையுங்கள். குரல் அமுங்கினால் கொஞ்சம் உயர்த்துங்கள், கிட்டார் அமுங்கினால் தாழ்த்துங்கள். கலவையை அந்த உயரமே செய்துகொடுக்கும். போன் மைக் எல்லாப் பக்கமும் கேட்பது. அதனால் வீட்டிலேயே துணிமணி அதிகமுள்ள அறையில் உட்காருங்கள். புடவை அடுக்கின அலமாரிக் கதவைத் திறந்து, அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தால் பாதி எதிரொலி அங்கேயே அடங்கிவிடும். ஏரோப்ளேன் மோடில் போட மறக்காதீர்கள்.

திருவாரூரிலிருந்து ஒரு வாசகர்: என் கிட்டாரில் பிக்கப் (அதிர்வை மின்சாரமாக்கும் கருவி) இருக்கிறது. வயரை நேராக இன்டர்ஃபேஸில் குத்திப் பதிவு செய்தால் ரப்பர் இழுத்தது போல 'குவாக்' என்கிறது. மேடையில் நன்றாகத்தானே இருந்தது?

மேடையில் தவிலும் கீபோர்டும் ஜனங்களின் சத்தமும் சேர்ந்து அதை மறைத்திருக்கும். பிரிட்ஜ் எலும்புக்குக் கீழே இருக்கும் பீசோ, கம்பியின் அழுத்தத்தை மட்டும் மின்சாரமாக மாற்றுகிறது. பலகை அசைத்த காற்று அதில் இல்லவே இல்லை. காற்று வேண்டுமென்றால் மைக் வேண்டும்.

அதற்கு முன் இரண்டைப் பாருங்கள். இன்டர்ஃபேஸில் 'இன்ஸ்ட்' என்று வாத்தியத்துக்கான ஒரு பொத்தான் இருக்கும், அதை அழுத்தியிருக்கிறீர்களா? லைன் உள்ளீட்டில் குத்தினால், ப்ரீஆம்ப் (கிட்டாருக்குள்ளேயே சிக்னலைப் பெருக்கும் சுற்று) இல்லாத பிக்கப் அடித்தொனியை இழந்து மெலிந்துவிடும். ப்ரீஆம்ப் இருந்தால் அதற்குள் இருக்கும் 9 வோல்ட் பேட்டரியை மாற்றுங்கள். அது தேயத் தேயச் சத்தம் கரகரக்கும். சுற்றிலும் சத்தம் அதிகம், மைக்கே வைக்க முடியாது என்கிற நிலையில் பிக்கப்பை மட்டும் பதிவு செய்து, 1.5 முதல் 3 கிலோஹெர்ட்ஸ் வரை மூன்று நான்கு டெசிபல் இறக்கிப் பாருங்கள். 'குவாக்' தணியும். மைக்கும் பிக்கப்பும் சேர்த்துப் பதிந்தால் மைக் ஒலி கொஞ்சம் தாமதமாக வரும்: ஓரடிக்கு ஏறக்குறைய 0.9 மில்லிநொடி. மென்பொருளில் இரண்டு அலைகளையும் பெரிதாக்கிப் பார்த்து, மைக் அலையை அந்த அளவு முன்னால் இழுத்துவிடுங்கள். ஒலி உடனே கெட்டிப்படும்.

பாபநாசத்திலிருந்து ஒரு வாசகர்: பதிவில் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல். ஃபேனை நிறுத்தினாலும் இருக்கிறது. பக்கத்து வயலில் போர் மோட்டார், ராத்திரியானால் தவளை. எப்போதுதான் பதிவு செய்வது?

அந்த 'ம்ம்ம்' மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும். லேப்டாப் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். நின்றுவிட்டால் குற்றம் சார்ஜர் அல்லது எர்த் இணைப்பு. மூன்றாவது முள் இல்லாத நீட்டிப்புப் பலகையைத் தூக்கிப் போடுங்கள். ஒலிக்காக மட்டும் இல்லை, உயிருக்காகவும். கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது சத்தம் 'ஜீ'யென்று கூர்மையானால் அது சதுர அலை இன்வெர்ட்டர். அந்த நேரத்தில் பதியவே வேண்டாம். மைக் வயரும் மின் வயரும் பக்கம் பக்கமாக ஓடினால் பிரித்துவிடுங்கள், குறுக்கே வரத்தான் வேண்டும் என்றால் செங்குத்தாகக் கடக்கட்டும்.

வெளிச்சத்தத்தில் இரண்டு ஜாதி. தஞ்சாவூர், மயிலாடுதுறை ரயில் போகிற அதிர்வு, மோட்டாரின் உறுமல் எல்லாம் பெரும்பாலும் அடித்தொனி. கிட்டாரின் தடித்த கம்பியே 82 ஹெர்ட்ஸில்தான் தொடங்குகிறது. அதனால் 60, 70க்குக் கீழே வெட்டிவிடலாம், கிட்டாருக்கு ஒன்றும் ஆகாது. தவளை அப்படிப் போகாது. அது கத்துவது கம்பியின் தெளிவு குடியிருக்கிற அதே நடுப்பகுதியில். வடிகட்டினால் கிட்டாரும் சேர்ந்து போகும். ஆகவே நேரம் பார்ப்பது ஒன்றே வழி. ஜூன் 12ஆம் தேதி மேட்டூர் அணை திறந்தால் தண்ணீர் வந்து சேரச் சேர வயலும் தவளையும் விழிக்கும். தை, மாசியில் சம்பா அறுவடை இயந்திரம். மார்கழி விடியலில் கோயில் குழாய் ஸ்பீக்கர். எங்கள் பக்கம் வருடம் முழுக்க நம்பக்கூடிய நேரம் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் இரண்டிலிருந்து நாலு மணி. ஊர் கண்ணயரும். மோட்டார்க்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள், நம் பக்கத்து ஜனங்கள் பாட்டு என்றால் ஒரு மணி நேரம் பொறுத்துக்கொள்வார்கள்.

ஃபேனை நிறுத்தினதும் அறை சூடேறும், கம்பி சுருதி மாறும். ஒவ்வொரு பதிவுக்கும் முன்னால் சேர்த்துக்கொள்ளுங்கள். பதிவின் தொடக்கத்தில் பத்து நொடி கையை எடுத்துவிட்டுச் சும்மா இருங்கள். அந்த வெற்று அறைச் சத்தத்தை மாதிரியாகக் கொடுத்தால் ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளே மீதி இரைச்சலைக் குறைக்கும். லேசாகச் செய்யுங்கள். அதிகமானால் கிட்டார் தண்ணீருக்குள் கேட்கும்.

தஞ்சாவூரிலிருந்து ஒரு வாசகி: இரண்டு மைக் வைத்தால் ஸ்டீரியோவாக அகலமாகக் கேட்குமா?

கேட்கும், கூடவே சிக்கலும் வரும். இரண்டு மைக்குக்கும் ஒலி வேறு வேறு நேரத்தில் போய்ச் சேர்ந்தால் சில சுரங்கள் ஒன்றையொன்று அழிக்கும். மைக்குகளுக்கு இடையிலான தூரம், கிட்டாரிலிருந்து மைக்குக்கு உள்ள தூரத்தைப் போல மூன்று மடங்கு இருக்க வேண்டும் என்று ஒரு விதி உண்டு. சின்ன அறையில் அதைக் கடைப்பிடிப்பது கஷ்டம். இரண்டு மைக் தலைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக 90 டிகிரி கோணத்தில் வைத்தால் இந்தப் பிரச்சினை ஏறக்குறைய இல்லை. எப்படி வைத்தாலும் மோனோவில் ஒரு தடவை கேளுங்கள். நம் ஊரில் பாதிப் பேர் ஒற்றை ஸ்பீக்கரில்தான் கேட்கிறார்கள்.

ஒரே மைக் இருந்தாலும் அகலம் கிடைக்கும். அதே பகுதியை இரண்டு தடவை வாசித்து, ஒன்றை இடதுபக்கம், இன்னொன்றை வலதுபக்கம் வையுங்கள். நகல் எடுத்து ஒட்டினால் பலிக்காது, நிஜமாகவே இரண்டாம் தடவை வாசிக்க வேண்டும்.

திருவையாற்றிலிருந்து ஒரு மாணவர்: நான் கிட்டாரில் கீர்த்தனை வாசிக்கிறேன். நேரில் கேட்கிற கமகம் பதிவில் காணாமல் போகிறது. விரல் கீறும் சத்தம் மட்டும் பெரிதாக விழுகிறது.

கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது தம்பி. தஞ்சைச் சீமையில் பிறந்தவர்களான, முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதரும் தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவும்தான் வயலினை நம் இசைக்குள் கொண்டுவந்தார்கள். கிட்டாரும் உள்ளே வந்துகொண்டிருக்கிறது.

கமகத்தின் வால் மிக மெல்லியது. கம்பியை இழுத்து அடுத்த சுரத்துக்குப் போய்த் திரும்பும்போது ஒலி பாதி தேய்ந்திருக்கும். அந்த வால் அறை இரைச்சலுக்குள் முங்கிவிடுகிறது. எனவே அறை அமைதி உங்களுக்கு மற்றவர்களைவிட முக்கியம். மெல்லிய சத்தத்தை அடைத்துவிடும் நாய்ஸ் கேட் என்கிற வசதியை அறவே போடாதீர்கள், அது வாலை நறுக்கிவிடும். பெரிய சத்தத்துக்கும் சின்னச் சத்தத்துக்கும் உள்ள இடைவெளியைக் குறைக்கும் கம்பிரஷனை 2:1 அளவில் மெதுவாகக் கொடுத்தால் வால் கொஞ்சம் மேலே வரும். கம்பி 12ஆம் எண் செட்டாக (தடிமனைச் சொல்லும் எண்) இருந்தால் 10 அல்லது 11க்கு மாறுங்கள், இழுக்க இலகுவாக இருக்கும். சுருதி தொடுகிற இடம் சுத்தமாகும். விரல் கீறலுக்கு, மைக்கைப் பன்னிரண்டாவது ஃப்ரெட்டிலிருந்து உடலின் பக்கம் இரண்டு விரற்கடை நகர்த்தி, கொஞ்சம் உயர்த்தி, கீழே பார்க்க வையுங்கள். முழுவதும் போக்க முயல வேண்டாம். வீணையிலும் அந்த உரசல் உண்டு, அது இல்லாவிட்டால் உயிர் குறைந்த மாதிரி எனக்குப் படும். தம்புராவை ஸ்பீக்கரில் ஓட்டாமல் மூடிய ஹெட்ஃபோனில் கேட்டு வாசியுங்கள். தம்புராவைத் தனியாகச் சேர்த்தால் அளவு உங்கள் கையில் இருக்கும்.

சீர்காழியிலிருந்து ஒரு வாசகர்: பதிவு செய்த பிறகு ஈக்யூ, கம்பிரஷன், ரிவெர்ப் (செயற்கை எதிரொலி) எவ்வளவு போட வேண்டும்? ஒரு கணக்கு சொல்லுங்கள்.

அறைக்கும் கிட்டாருக்கும் தகுந்தபடி மாறும். நான் தொடங்குகிற இடத்தைச் சொல்கிறேன், அங்கிருந்து உங்கள் காது நடத்திப் போகட்டும்.

பதியும்போதே 24 பிட் வைத்து, மீட்டரின் உச்சம் மைனஸ் 12 டெசிபல் பக்கம் நிற்கும்படி பாருங்கள். சிவப்பைத் தொட்டுவிட்டால் அப்புறம் யாராலும் மீட்க முடியாது. தனிக் கிட்டார் என்றால் 70 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டு. கூடவே குரல் இருந்தால் 100, 120 வரை வெட்டலாம், குரலுக்கு இடம் கிடைக்கும். 100க்கும் 250க்கும் நடுவே எந்த இடம் முட்டுகிறதோ அதைத் தேடி மூன்று நான்கு டெசிபல் இறக்குங்கள். பளிச்சென்று வேண்டுமானால் 10 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் ஒன்றிரண்டு டெசிபல் ஏற்றினால் போதும். கம்பிரஷன் 3:1க்கு மேல் வேண்டாம். அட்டாக், அதாவது கம்பிரஷன் அமுக்கத் தொடங்க எடுக்கும் நேரம், 20, 30 மில்லிநொடி இருந்தால் பிக் விழுகிற முதல் அடி தப்பிக்கும். கம்பிரஷன் மீட்டரின் முள் மூன்று டெசிபலுக்கு மேல் இறங்கக் கூடாது. ரிவெர்ப் நீளம் ஒன்றரை நொடிக்குள். அதன் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டிவிடுங்கள், இல்லையென்றால் கும் சத்தம் பின்வாசல் வழியாக உள்ளே வரும்.

ஒவ்வொன்றையும் போட்டும் எடுத்தும் கேளுங்கள். கேட்கும்போது இரண்டின் சத்த அளவும் சமமாக இருக்கட்டும். கொஞ்சம் சத்தம் கூடினாலே நன்றாக இருப்பதாகக் காது நம்பிவிடும். எடுத்த பிறகும் வித்தியாசம் தெரியவில்லை என்றால் அது தேவையில்லை. கடைசியில் எல்லாவற்றையும் நசுக்கிச் சத்தத்தை ஏற்ற வேண்டாம். யூடியூப் மாதிரி இடங்கள் மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (சராசரிச் சத்தத்தை அளக்கும் அலகு) என்கிற அளவுக்குத் தாங்களே இறக்கிவிடுகின்றன. நீங்கள் நசுக்கினது மட்டும்தான் மிஞ்சும். போன் ஸ்பீக்கரிலும், ஹெட்ஃபோனிலும், முடிந்தால் யாராவது ஒருவர் காரிலும் ஓட்டிக் கேட்டுவிட்டு எம்பி3 ஆக்குங்கள். மூல வேவ் கோப்பை இரண்டு இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.